கிம் யோங் சிக்: இரு சீருடைகளின் வீரர்

1954 ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் தென்கொரியா ஹங்கேரியிடம் 9-0 எனவும் துருக்கியிடம் 7-0 எனவும் தோல்வியடைந்தது. அவ்வணியின் பயிற்றுவிப்பாளரான கிம் யோங் சிக்கை இவ்விரு பெறுபேறுகளைக் கொண்டு மாத்திரம் எடைபோடுவது நியாயமாகாது என்பதே எமது கருத்தாகும்.

ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட 1910 ஆம் ஆண்டிலேயே கிம் பிறந்தார். 35 வயது வரை அவர் அந்நிய ஆட்சியின் குடிமகனாகவே வாழ நேர்ந்தது. 1935 இல் அவர் விளையாடிய சியோல் நகரின் கியோங்சொங் கழகம், ஜப்பானியக் கழகங்களை அவர்களது மண்ணிலேயே வீழ்த்தி அகில ஜப்பான் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆயினும் மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஜப்பான் அணிக்காகக் களமிறங்கிய கொரியர் அவர் ஒருவரே. சுவீடனுக்கு எதிராக 2-0 எனப் பின்தங்கியிருந்த அவ்வணி 3-2 என வென்றபோது, இடது நடுவரிசையில் நின்றவர் கிம். வெற்றியோ ஜப்பானின் கணக்கில் எழுதப்பட்டது. ஆட்சியாளரின் சீருடையை அவர் அணிந்திருக்கலாமா என்று இன்று வினவுவது இலகு. உலக அரங்கில் ஆடுவதற்கு அவருக்கு வேறு சீருடை இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த வேறு சீருடை 1948 இல் கிடைத்தது. கொரியக் குடியரசு பிரகடனப்படுத்தப்படுவதற்குச் சில தினங்களுக்கு முன்னரே, தமது 38 ஆவது வயதில், இலண்டன் ஒலிம்பிக்கில் கொரியாவின் பெயரால் அவர் ஆடினார். மெக்சிகோவை 5-3 என வென்ற அணி, அடுத்த ஆட்டத்தில் 12-0 எனத் தோற்றது. எதிரணி, அதே சுவீடன்!

1954 உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்கள் இரண்டுமே டோக்கியோவில் நடைபெற்றன. ஜப்பானிய அணி தமது மண்ணில் கால்பதிப்பதை ஜனாதிபதி சிங்மன் ரீ அனுமதியாமையே அதற்குக் காரணம். கொரியா 5-1 என வென்றும் 2-2 எனச் சமப்படுத்தியும் தகுதிபெற்றது. பயிற்றுவிப்பாளராகக் கிம் அழைத்துச் சென்ற அணி, யுத்தம் ஓய்ந்து ஓராண்டேனும் பூர்த்தியாகாத நாட்டின் அணி. நெடும் விமானப் பயணத்தின் பின்னர் போட்டிக்கு முதல் நாளே அது சூரிச் நகரை அடைந்தது. எதிரே புஸ்காஸின் ஹங்கேரி. தசைப்பிடிப்பால் வீழ்ந்தவர்களுக்குப் பதிலாக மாற்று வீரரை இறக்கவும் அக்கால விதிகள் இடமளிக்கவில்லை.

கிம் களத்தைக் கைவிடவில்லை. நாட்டின் முதலாவது தொழில்சார் கழகமான ஹலேலூயா 1980 இல் அமைக்கப்பட்டபோது, 70 வயதில் அதன் முதற் பயிற்றுவிப்பாளரானார். 1985 மார்ச்சில் அவர் காலமானார். அவ்வாண்டு நவம்பரில், ஜப்பானை வென்றே கொரியா மீண்டும் உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. உலகக் கிண்ணத்தில் அந்நாட்டின் முதலாவது கோல், 1986 இல் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராகப் பெறப்பட்டது.