காட்டிடம் பாடம் கேட்ட துரை

பீகாரில் பூசா என்ற ஊரில் ஒரு வேலி. இந்தப் பக்கம் ஆல்பர்ட் ஹோவர்டின் உழவு மாடுகள். அந்தப் பக்கம் கோமாரி கண்ட அயலார் மாடுகள். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசின. ஹோவர்டின் மாடுகளுக்கு நோய் தொற்றவில்லை. வளமான மண்ணில் விளைந்த தீவனமே காரணம் என்று அவர் முடிவு கட்டினார். அந்த முடிவை எல்லா விஞ்ஞானிகளும் ஒப்பவில்லை என்பது வேறு விஷயம்.

1873-ல் இங்கிலாந்தில் குடியானவர் வீட்டில் பிறந்தவர் ஹோவர்ட். கேம்பிரிட்ஜில் படித்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராய்ந்தார். மருந்து சொல்லலாம், போட்டுப் பார்க்கச் சொந்தமாய்க் கையகல நிலம் இல்லை. 1905-ல் பூசாவுக்கு வந்த பிறகுதான் 75 ஏக்கர் கிடைத்தது. அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் மருந்தே அடிக்காமல் நல்ல பயிர் எடுப்பதைப் பார்த்து, அவர்களையே வாத்தியார்களாக்கிக் கொண்டார். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் அப்படிச் செய்வது அந்நாளில் சாதாரணமல்ல.

இன்னொரு வாத்தியார் காடு. காட்டுக்கு யார் எரு அடிக்கிறார்கள்? உதிர்ந்த சருகும் மிருகங்களின் சாணமும் பறவைகளின் எச்சமும் அடியிலேயே மட்கி மரத்துக்குத் திரும்புகின்றன. அங்கே குப்பை என்று தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. வயலில் ஏன் அப்படி நடக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார்.

துறைக்கு ஓர் இலாகா என்று பூசாவில் வேலையைத் துண்டு போட்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 1924-ல் இந்தூர் சென்று, சுமார் 300 ஏக்கரில் புதிய ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். அது பருத்திச் சீமை. கட்டையாய்க் கிடக்கும் பருத்திமாரை வண்டிப் பாதையில் பரப்பச் சொன்னார். சக்கரமும் மாட்டுக் குளம்பும் அதை நொறுக்கித் தந்தன. அந்தத் தூளும் இலை தழையும் ஒரு அடுக்கு. மேலே சாணம், கோமியம் ஊறிய தொழுவத்து மண், விறகுச் சாம்பல், தண்ணீர். ஆழமில்லாத குழியில் இப்படி அடுக்கி, மூன்று முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் கறுத்த எரு. நம்மூர்க் குப்பைக்குழியில் விழுபவைதான் இவையெல்லாம். அவர் கூட்டியது அளவும் காற்றும் ஈரமும். இதுவே 'இந்தூர் முறை'.

1930-ல் மனைவி காப்ரியேல் இறந்தார். தாவர விஞ்ஞானியான அவர், 25 வருடம் கூடவே நின்று உழைத்தவர். மறுவருடம் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து தம் முறையைப் புத்தகமாக்கிவிட்டு ஹோவர்ட் தாயகம் திரும்பினார். தேயிலை, காப்பித் தோட்டங்கள் அந்த முறையைக் கைக்கொண்டன. 1935-ல் காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் அதை வெளியிட்டார்.

தாயகத்தில் ரசாயன உரத்தை நம்பிய விஞ்ஞானிகள் கடைசிவரை அவரோடு மல்லுக்கு நின்றனர். அவருடைய பெரிய குறை பட்டணத்தின் மேல்தான். கிராமத்து மண்ணின் சத்து தானியமாயும் காய்கறியாயும் பட்டணத்துக்குப் போகிறது. அதன் கழிவு சாக்கடைக்கும் கடலுக்கும் போகிறது, வயலுக்குத் திரும்புவதில்லை. 1947 அக்டோபர் 20-ந் தேதி இறக்கும் வரை இதையே எழுதியும் பேசியும் வந்தார்.