கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்

இராமன் விளைவு என்னும் பெயரைக் கேளாத மாணவர் நம் கலாசாலையில் இரார். அவ்விளைவு புலப்பட்ட நாட்களில் கருவியின் முன் அமர்ந்து ஓயாது நோக்கிய கண்கள் மற்றொரு தமிழருடையவை என்பதை அறிந்தோரோ சிலரே.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்றார். இரண்டும் மிஷன் கலாசாலைகள் என்பதை நம் பத்திரிகை சற்றுப் பெருமையுடன் குறிப்பிடுவது பிழையாகாது. பௌதிகம் கற்ற இவர், சென்னையில் இரசாயனச் செய்முறை ஆசிரியராக அமர்ந்தார். நண்பகல் ஓய்வு வேளையில் மாணவர் எவரும் எவ்வினாவும் எழுப்பலாம் என இவர் அமைத்த கூட்டத்துக்கு அயற்கலாசாலையினரும் வந்து குழுமினர்.

1920இல் கல்கத்தா சென்று, 1923இன் இறுதியில் இராமனின் ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். முதற்பணி, அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களில் ஒளி சிதறுவதை அளத்தல். வாயுவில் மூலக்கூறுகள் தத்தம் போக்கில் திரிவன. திரவத்திலோ அவை ஒன்றையொன்று ஈர்த்தும் நெருக்கியும் நிற்பதால் அடர்த்தி அதிகம் ஏறி இறங்காது, சிதறலும் குறையும். எளிதில் அமுங்கும் ஈதர், அமுங்க மறுக்கும் நீரினும் மிகுதியாக ஒளியைச் சிதறடிப்பதன் முக்கிய காரணம் இதுவே. ஆகவே திரவத்தினின்று பக்கவாட்டில் வரும் மங்கிய ஒளி, உள்ளிருக்கும் பிணைப்புக்குச் சாட்சியாகிறது.

அம்மங்கிய ஒளியில் நிறம் மாறிய ஒரு பகுதியும் உண்டென்பது 1928 பிப்ரவரியில் உறுதியாயிற்று. அறிவிப்புக் கட்டுரை இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே சென்றது. எண்ணமும் தலைமையும் இராமனுடையவை என்பதில் ஐயமில்லை. எனினும் கிருஷ்ணனை அப்பெயரின் நிழலாக மட்டும் கருதுவது பெருந்தவறு. இவர் தமக்கேயுரிய பெரும்பணியை அதன் பின்னரே தொடங்கினார்.

1928இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்றவர், படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தத்தின் நடுவே அவை எவ்வளவு திரும்புகின்றன என அளந்தார். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களில் விளையும் உப்பை எண்ணிப் பாருங்கள். அதனை உருக்க 801 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அங்கே மின்னேற்றமுற்ற அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. விழுப்புரம் கடைத்தெருவில் வாங்கும் நாப்தலீன் அந்துருண்டையோ 80 பாகையில் உருகிவிடும். பெட்டியில் வைத்தாலும் உருகாமலே ஆவியாய்த் தேயும். அதன் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சி அத்துணை மெலிது.

அம்மெலிவையே கிருஷ்ணன் கருவியாகக் கொண்டார். பிணைப்பு மெலிதாதலின், படிகத்துள்ளும் ஒவ்வொரு மூலக்கூறும் தன் காந்த இயல்பை ஏறக்குறைய இழவாது நிற்கும். தட்டையான நாப்தலீன் மூலக்கூற்றைக் காந்தம், தட்டுக்குச் செங்குத்தான திசையிலேயே மிகுதியாக விலக்கும். எனவே முழுப் படிகத்தின் காந்தத் தன்மையைப் பல திசைகளிலும் அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்று கணித்துவிடலாம். எக்ஸ் கதிர் முறையால் கண்டவற்றைச் சரிபார்க்கவும், அதற்கு எட்டாதவற்றுக்கு வழிகாட்டவும் இது உதவிற்று. இங்கிலாந்தின் காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் இவர் இதுபற்றி எழுதிய கட்டுரை 1936இல் வெளியாயிற்று. ஒரு நூலிழையும் ஒரு காந்தமும் கொண்டு இவ்வளவு ஆழம் சென்றது வியப்பே.

1933இல் கல்கத்தாவுக்கு மீண்டார். 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்; 1942இல் அலகாபாத் சென்றார்; 1947இல் தேசிய பௌதிக ஆய்வுச்சாலையின் முதல் இயக்குநரானார். உயர்பதவியிலும் தமிழ், வடமொழி இலக்கியங்களில் தோய்ந்த உள்ளத்தினராகவே விளங்கி, 1961 ஜூன் 14ஆம் நாள் காலமானார்.