கிராமத்தின் கணக்கைத் தணிக்கை செய்த தமிழர்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. ஆயினும், ஓர் எண் எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டு எழுதப்பட்டது என்று வினவாதவருக்கு அக்கண் இருந்தும் பயனில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் செய்து காட்டியவர் ஜே. சி. குமரப்பா. நம்மைப் போலவே தாய்மொழி வழங்காத நாட்டில் வாழ்ந்து தொண்டாற்றிய தமிழர் அவர். காந்தியப் பொருளாதார அறிஞர் என்று அவரைப் பலரும் அறிவர். மக்கள் வாழ்வை நேரில் கண்டு ஆராயும் முறையை இளைஞர்க்குக் கற்பித்த ஆசிரியர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம்.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்நாளில் அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பின்னர்ப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். உடையிலும் நடையிலும் முற்றிலும் மேனாட்டவராகவே விளங்கினார். 1927இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இந்தியா வறுமையுற்றது ஏன் என்பது பற்றி அங்கு அவர் ஆற்றிய சொற்பொழிவு பேராசிரியர் செலிக்மனின் கருத்தைக் கவர்ந்தது. அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும்படி அப்பேராசிரியர் பணித்தார். வணிக நிறுவனங்களின் ஏடுகளைச் சரிபார்த்துப் பழகிய கண், அரசாங்கத்தின் வரவு செலவு ஏடுகளின் மேல் திரும்பியது. ஏழையிடம் பெற்ற வரி எவ்வழிகளிற் செலவாகிறது என்று கணக்கிட்டபோது, அவர் உள்ளம் மாறியது.

1929இல் தாயகம் திரும்பியவர், முன்னோர் பெயரான குமரப்பா என்பதையே தம் பெயராக்கிக் கொண்டார். அவ்வாண்டு மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். ஆராய்ச்சி நூலை அச்சிடுவது பற்றிப் பேசச் சென்றவருக்குப் புதியதொரு பணி காத்திருந்தது. குஜராத்தில் ஒரு பகுதியின் கிராமப் பொருளாதாரத்தை ஆராய்ந்து தர வேண்டும் என்று அடிகள் விரும்பினார். குமரப்பாவுக்கோ குஜராத்தி தெரியாது. அக்குறையை நீக்கக் குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் துணையாக அளிக்கப்பட்டனர்.

இப்பணியின் அருமையை உணர, அதற்கு முன் பர்தோலியில் நடந்ததை அறிதல் வேண்டும். சூரத் மாவட்டத்துப் பர்தோலியில் நிலவரி 22 சதவீதம் உயர்த்தப்பட்டது. 1928இல் வல்லபாய் படேல் தலைமையில் உழவர்கள் வரி கொடாப் போர் நடத்தினர். பின்னர் அமைந்த புரூம்பீல்டு, மாக்ஸ்வெல் விசாரணைக்குழு, உயர்வு ஏறக்குறைய 6 சதவீதமே தகும் என்று கண்டது. காரணம் யாது? வரியை உயர்த்தக் காட்டப்பட்ட குத்தகைப் பட்டியல்கள் களத்திற் சரிபார்க்கப்படாதவை. ஏட்டில் பிழையான எண் ஏறினால், அதன் சுமை உழவன் தலையில் இறங்குகிறது என்பதை நாடு அன்று கண்கூடாகக் கண்டது.

இந்நிலையிற்றான் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் 54 கிராமங்களை ஆராயும் பணி தொடங்கியது. 1929இன் இறுதியிலும் 1930இன் தொடக்கத்திலும் குமரப்பாவும் மாணவர்களும் ஊர் ஊராகச் சென்றனர். நிலம், விளைச்சல், கால்நடை, கடன், குடும்பச் செலவு ஆகியவற்றைக் குடும்பந்தோறும் கேட்டறிந்தனர். தணிக்கையாளர் ஒருவர் ஒவ்வொரு இனத்துக்கும் சான்று தேடுவது போலவே இம்முயற்சி நடந்தது. உழவன் வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் வயலிற் பாடுபடுகின்றனர். அவ்வுழைப்புக்குக் கூலி எழுதாமல் விட்டால் ஏட்டில் இலாபம் தோன்றும். எழுதினால் அவ்விலாபம் மறைந்துவிடும். எதை எண்ணுவது, எதை விடுவது என்னும் தேர்விலேயே நீதியும் அநீதியும் அடங்கியுள்ளன. மாதர் தாலுகா ஆராய்ச்சி 1931இல் நூலாக வெளிவந்தது.

அந்த இளைஞர் கூட்டத்தின் பயிற்சி நாட்டுக்கு உடனே பயன்பட்டது. 1930 மார்ச்சு 12இல் தண்டி யாத்திரை தொடங்கியபோது, வித்யாபீடத்து மாணவர் அணி ஒன்று முன்னே சென்று, வழியிலுள்ள ஊர்களின் நிலையைக் கேட்டெழுதி அடிகளுக்கு அளித்தது. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் அவ்வூரின் உண்மை நிலை அறிந்து அவர் பேச முடிந்தது.

1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கத்தின்போது துயர் துடைப்பு நிதியின் கணக்கைக் குமரப்பா காத்தார். காந்தியடிகளின் குழுவினர் செலவையும் அந்நிதியில் ஏற்ற அவர் இசையவில்லை. அவ்வாண்டே தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராகி வார்தாவில் பணிபுரிந்தார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இறுதி ஆண்டுகளை மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியிற் கழித்து, 1960 ஜனவரி 30இல் மறைந்தார். அந்நாள் காந்தியடிகளின் நினைவு நாளாகவும் அமைந்தது.

நாம் வாழும் ஹைதராபாத்தும் இத்தகைய ஆராய்ச்சிக்குப் புதிய இடமன்று. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். சி. துபே, 1950களின் தொடக்கத்தில் நகருக்கு அண்மையிலுள்ள ஷாமீர்பேட்டை ஆராய்ந்து, 1955இல் நூலாக வெளியிட்டார். விடுமுறை நாளில் ஷாமீர்பேட்டை ஏரியைக் கண்டு மகிழும் நம் குடும்பங்களுட் சிலரேனும் அவ்வூர் மக்களின் வாழ்வை வினவியிருப்போமா?

நம் காலனியின் வாயிலில் காய்கறி விற்கும் மூதாட்டி எம்மாவட்டத்திலிருந்து வந்தார், என்ன வட்டிக்குக் கடன் பெறுகிறார், எவ்வளவு வாடகை தருகிறார் என்பன நாம் அறியாதவை. ஆயினும் இந்நகரத்து மக்களைப் பற்றி நாம் தீர்ப்புக் கூறத் தயங்குவதில்லை. அலுவலகத்தில் ஓர் இரசீது இன்றி ஒரு ரூபாயையும் ஏற்காத நாம், மக்களைப் பற்றிய பேச்சில் மட்டும் சான்று கேளாமல் நம்பிவிடுகின்றோம். நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு கோடை விடுமுறையிலேனும் தெலுங்கும் உருதுவும் பேசப் பழகி, குறிப்பேட்டுடன் அருகிலுள்ள ஒரு தெருவுக்குச் சென்று, பணிவுடன் கேட்டு, கேட்டதைச் சரிபார்த்து எழுதட்டும். அயல் மொழி நாட்டில் ஏழையின் கணக்கைச் சரிபார்த்த அத்தஞ்சைத் தமிழருக்கு அதுவே நாம் செய்யும் சிறப்பு.