மூன்றாம் எண் சட்டை

கிரிக்கெட்டைப் போலவே மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் ஆட்டம் பேஸ்பால். அமெரிக்க மக்கள் அதன்மீது தீராப் பற்றுடையவர்கள். அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பார்வையாளர் பகுதியில் விழுந்தால் அதனை ஹோம் ரன் என்பர். நாம் அறிந்த சிக்ஸரைப் போன்றதே அது. ஆயினும் அத்துணை எளிதில் கிட்டுவதன்று. அத்தகைய அடியை 714 முறை அடித்தவர் பேப் ரூத்.

இவரது இயற்பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். 1895 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். அடங்காப் பிள்ளை என்று ஏழாம் வயதிலேயே புனித மேரி தொழிற்பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே சட்டை தைக்கக் கற்றார்; மத்தியாஸ் என்னும் துறவியிடம் பேஸ்பாலும் கற்றார். 1914 இல் தொழில்முறை அணியொன்றில் சேர்ந்தபோது, மூத்த வீரர்கள் அவரைக் குழந்தை என்னும் பொருளில் பேப் என்றழைத்தனர். முதுமையிலும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை.

1920 முதல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடினார். 1923 இல் திறக்கப்பட்ட யாங்கீ அரங்கை மக்கள் ரூத் கட்டிய வீடு என்றே வழங்கினர். 1927 இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்தார்.

1935 இல் அவருக்கு அகவை நாற்பது. உடல் பருத்திருந்தது; கால்கள் ஓட மறுத்தன. யாங்கீஸ் அணியை விட்டுப் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு வந்திருந்தார். பிடிக்க வேண்டிய பந்துகள் அவரைக் கடந்து ஓடின. மே 25 ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் மட்டையுடன் வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள்! மூன்றாவது பந்து வலப்புறக் கூரையையும் தாண்டி அரங்கிற்கு வெளியே சென்று விழுந்தது. எதிரணியின் ஊராராயினும் மக்கள் ஆரவாரித்தனர். எனினும் அன்று அவரது அணி தோற்றது. அன்றே அவர் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால், மேலும் சில ஆட்டங்கள் ஆடினார். ஒரு ஹோம் ரன்னும் அடிக்க இயலாமல் ஜூன் தொடக்கத்தில் விலகினார். அணியொன்றின் மேலாளராக வேண்டும் என்பது அவரது பெருவிருப்பம். முதன்மை அணி எதுவும் அவ்வாய்ப்பை அவருக்கு வழங்கவில்லை.

1948 ஜூன் 13 அன்று யாங்கீ அரங்கின் வெள்ளி விழா. புற்றுநோயால் மெலிந்திருந்த ரூத், தமது பழைய மூன்றாம் எண் சட்டையை அணிந்து களத்திற்கு வந்தார். அச்சட்டை உடலில் தொளதொளவென்று தொங்கியது. மட்டையே அவருக்கு ஊன்றுகோலாயிற்று. திரண்டிருந்தோர் எழுந்து நின்றனர். அவ்வெண்ணை இனி எந்த யாங்கீஸ் வீரருக்கும் தருவதில்லை என்று அன்று அறிவிக்கப்பட்டது. நாட் ஃபைன் என்னும் ஒளிப்படக் கலைஞர் முகத்தை விடுத்து, முதுகையும் அதிலிருந்த எண்ணையும் படமெடுத்தார். அப்படம் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

ஆகஸ்ட் 16 ஆம் நாள் ரூத் மறைந்தார். அவரது உடல் அதே அரங்கில் வைக்கப்பட்டது. பல்லாயிரவர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். தந்தையர் பலர் தம் சிறுவரையும் அழைத்து வந்திருந்தனர். அச்சிறுவர் அவர் ஆடியதை ஒருமுறையும் கண்டவரல்லர்.