பாரடே பேசக் கற்றமை

காந்தத்தைக் கொண்டு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கலாம் என்று 1831 ஆம் ஆண்டில் கண்டறிந்த மைக்கேல் பாரடே, நாவன்மையாலும் தம் காலத்தில் புகழ் பெற்றிருந்தார். அந்நாவன்மையை அவர் அரிதின் முயன்றே ஈட்டினார்.

இலண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டனில் 1791 ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாக அவர் தோன்றினார். வறுமையால் பள்ளிக் கல்வி எழுதப் படிக்கக் கற்றதோடு நின்றது. 14 ஆம் அகவையில் நூற்கட்டுவார் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவர்க்கு ஆசிரியராயின. டேட்டம் என்பாரின் இல்லத்தில் மாலை வேளைகளில் நிகழ்ந்த அறிவியல் விரிவுரைகளுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதனைத் தமையனார் கொடுத்துதவினார். 1812 இல் இராயல் நிறுவனத்தில் சர் ஹம்பிரி டேவி ஆற்றிய 4 விரிவுரைகளைக் கேட்டு, குறிப்புகளை விரித்தெழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நிறுவனத்திலேயே உதவியாளர் பணி கிட்டியது.

பிறராயின் அப்பேற்றோடு மனநிறைவு எய்தியிருப்பர். பாரடேயோ, கருவிகளை ஏந்தி நின்றவாறே பேசுவோரின் நிறைகுறைகளையும் நோக்கினார். தாம் கண்டவற்றை அவ்வாண்டிலேயே நண்பர் ஆபட்டுக்கு மடல்களாக வரைந்தார். மன்றத்தில் நல்ல காற்றோட்டம் வேண்டும். கருவிகள் யாவர்க்கும் புலப்பட வேண்டும். பேசுவோர் கூடியவரை அவையோர்க்கு முதுகு காட்டலாகாது. பேச்சு ஒரு மணிக்கு மேல் நீளலாகாது. இவ்வளவும் எழுதியவர், ஒருமுறையேனும் விரிவுரை ஆற்றியிராத 21 அகவை இளைஞர் என்பதை மாணவர்கள் கருதுக.

1816 இல் நண்பர்கள் கூடிய நகரத் தத்துவக் கழகத்தில் தம் முதல் விரிவுரையை நிகழ்த்தினார். இரண்டாண்டுகள் கழித்து, பேச்சுக்கலை வல்லுநர் சுமார்ட் என்பாரின் வகுப்புகளுக்குச் சென்றார். பின்னர் ஒரு பாடத்திற்கு அரைக் கினி, அதாவது பத்தரை ஷில்லிங், கொடுத்துத் தனியாகவும் பயின்றார். ஒரு மாலை விரிவுரைக்குத் தமையனாரிடம் ஒரு ஷில்லிங் பெற்றவர்க்கு அது சிறு தொகையன்று. விரைந்து பேசும் குறை அவரிடம் இருந்தது. ஆதலின், மெல்லப் பேசுமாறு நினைவூட்டும் அட்டையொன்றை முன்னே வைத்துக்கொள்வார். அதனையும் மறந்து விரைந்தால், உதவியாளர் ஆண்டர்சன் அதை எடுத்துக் கண்ணெதிரே வைப்பார். நேரம் முடியப்போவதை உணர்த்தவும் ஓர் அட்டை இருந்தது. பெரும்புகழ் எய்திய அறிஞர், அவை நடுவே தம் உதவியாளரால் திருத்தப்பெற நாணவில்லை!

அந்நாளில் இராயல் நிறுவனம் பொருள்முட்டுற்றிருந்தது. விரிவுரை கேட்க வருவோரின் ஆதரவே அதற்கு உயிர்நிலை. பாரடே 1826 முதல் வெள்ளி மாலைப் பொழிவுகளை அங்கு நிலைபெறச் செய்தார். 1827 க்கும் 1860 க்கும் இடையே சிறுவர்க்கெனக் கிறிஸ்துமஸ் விரிவுரைத் தொடர்கள் 19 நிகழ்த்தினார். அவற்றுள் இறுதித் தொடர்க்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி! அது எரிவதைக் காட்டியே காற்றின் இயல்பையும் நீரின் பிறப்பையும் நம் மூச்சின் தன்மையையும் விளக்கினார். அது 1861 இல் நூலாகவும் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, நினைவாற்றல் தளர்ந்தமையின், சிறுவர் விரிவுரைகளினின்று தாமே விலகிக்கொண்டார். 1867 இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் இயற்கை எய்தினார்.