வால்சந்த் ஹீராசந்த்

வால்சந்த் ஹீராசந்த் தோஷி (நவம்பர் 23, 1882 - ஏப்ரல் 8, 1953) இந்தியாவின் புகழ்பெற்ற தொழிலதிபர்களுள் ஒருவர். சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். இந்தியத் துறைமுகம் ஒன்றிலிருந்து மற்றோர் இந்தியத் துறைமுகத்துக்கு நடைபெறும் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கே உரியதாகச் சட்டத்தின் மூலம் ஒதுக்க வேண்டும் என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போராடினார். விமானம், மோட்டார் வாகனம், கப்பல் கட்டுதல் ஆகிய தொழில்களிலும் இந்தியாவில் முன்னோடியாக விளங்கினார்.

பிறப்பும் இளமையும்

வால்சந்த் மகாராட்டிர மாநிலத்தின் சோலாப்பூரில் பிறந்தார். குஜராத்திலிருந்து குடிபெயர்ந்த திகம்பர சமணக் குடும்பம் அவருடையது. பணம் கடன் கொடுத்தலும் பருத்தி வணிகமும் குடும்பத் தொழில்களாக இருந்தன. மும்பை தூய சேவியர் கல்லூரியில் பயின்ற வால்சந்த், படிப்பை முடிக்காமல் தொழிலில் இறங்கினார். குடும்பத் தொழிலில் அவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. ரயில்வே அலுவலில் இருந்த லட்சுமண்ராவ் பாட்டக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ரயில் பாதை அமைக்கும் ஒப்பந்தப் பணிகளை மேற்கொண்டார். பிற்காலத்தில் இத்தொழில் இந்துஸ்தான் கட்டுமான நிறுவனமாக வளர்ந்தது. மும்பைக்கும் புனேக்கும் இடையிலுள்ள போர்க் கணவாயின் ரயில் சுரங்கப் பாதைகள் இவருடைய கட்டுமானப் பணிகளுள் குறிப்பிடத்தக்கவை.

சிந்தியா கப்பல் நிறுவனம்

முதல் உலகப் போர் முடிந்தபின், லாயல்டி என்னும் பயணிகள் கப்பல் விற்பனைக்கு வந்திருக்கும் செய்தியை வால்சந்த் ஒரு ரயில் பயணத்தின்போது ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து அறிந்தார். அக்கப்பல் எம்பிரஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் கனடிய நிறுவனம் ஒன்றுக்காக 1890-இல் கடலில் இறக்கப்பட்டது. 1914-இல் குவாலியர் மன்னர் மாதவராவ் சிந்தியா அதை வாங்கிப் போர்க்கால மருத்துவக் கப்பலாக அளித்திருந்தார். வால்சந்த், நரோத்தம் முரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சமல்தாஸ் ஆகியோர் இணைந்து அக்கப்பலை வாங்கினர். மன்னரின் குடும்பப் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று.

சிந்தியா நிறுவனம் மார்ச் 1919-இல் தொடங்கப்பட்டது. ஏப்ரல் 5, 1919 அன்று லாயல்டி மும்பையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. இந்நாளே 1964 முதல் இந்தியாவில் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் பழைய கப்பலான லாயல்டியால் நிறுவனத்துக்கு இலாபம் கிட்டவில்லை. 1923-இல் அது உடைப்புக்கு விற்கப்பட்டது. நிறுவனம் வெளிநாட்டுப் பயணிகள் போக்குவரத்தைக் கைவிட்டுக் கரையோரச் சரக்குப் போக்குவரத்தில் கவனம் செலுத்தியது.

கட்டணப் போட்டி

அக்காலத்தில் இந்தியக் கரையோரக் கப்பல் போக்குவரத்து பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தது. அது பி அண்ட் ஓ குழுமத்தைச் சேர்ந்தது. குழுமத்தின் தலைவர் இன்ச்கேப் பிரபு ஆவார். இதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் நிறுவிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தூத்துக்குடி - கொழும்பு வழித்தடத்தில் கட்டணக் குறைப்பின் மூலம் எதிர்த்தது. பயணிகளுக்கு இலவசப் பயணமும் குடையும் தர முன்வந்ததாகக் கூறப்படும் செய்தி தமிழகத்தில் பலரும் அறிந்தது. சிதம்பரம் பிள்ளை 1908-இல் சிறை சென்றார். 1911-இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது.

சிந்தியாவும் அதே எதிர்ப்பைச் சந்தித்தது. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்தமையால் ரங்கூனும் கரையோரத் துறைமுகங்களுள் ஒன்றாகவே கருதப்பட்டது. ரங்கூனிலிருந்து மும்பைக்கு வரும் அரிசிக்கான கட்டணத்தைப் போட்டி நிறுவனம் கடுமையாகக் குறைத்தது. ஒத்திவைத்த தள்ளுபடி என்னும் முறையும் கையாளப்பட்டது. இதன்படி, தங்கள் சரக்கு முழுவதையும் குறிப்பிட்ட கப்பல்களிலேயே அனுப்பும் வணிகர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு சில மாதங்கள் கழித்துத் திருப்பித் தரப்படும். இடையில் ஒரு முறை வேறு கப்பலில் சரக்கை ஏற்றினாலும் அத்தொகையை இழக்க நேரிடும். ஆகவே புதிய நிறுவனம் குறைந்த கட்டணம் கேட்டபோதும் வணிகர்கள் அதனிடம் வரத் தயங்கினர்.

1923-இல் இரு நிறுவனங்களுக்கும் இடையே பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. கட்டணப் போர் நின்றது. ஆனால் சிந்தியாவின் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கரையோரச் சரக்குப் போக்குவரத்துக்கு வெளியே செல்லவும் தடை ஏற்பட்டது. நிறுவனம் உயிர் பிழைத்தாலும் வளர வழியில்லாத நிலையை இவ்வொப்பந்தம் உண்டாக்கியது. பேச்சுவார்த்தையால் கிடைக்கும் பாதுகாப்பு போதாது, சட்டத்தின் பாதுகாப்பே வேண்டும் என்ற முடிவுக்கு வால்சந்த் வர இது காரணமாயிற்று. 1929-இல் நரோத்தம் முரார்ஜி மறைந்தபின் அவர் நிறுவனத்தின் தலைவரானார். 1950 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

கரையோர வணிக ஒதுக்கீடு

ஒரு நாட்டின் இரு துறைமுகங்களுக்கு இடையே சரக்கையோ பயணிகளையோ ஏற்றிச் செல்லும் உரிமையை அந்நாட்டுக் கப்பல்களுக்கு மட்டும் அளிப்பது கரையோர வணிக ஒதுக்கீடு எனப்படும். உலகின் பல நாடுகளில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. அமெரிக்காவில் பயணிகளுக்கு 1886-ஆம் ஆண்டுச் சட்டமும், சரக்குக்கு 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டமும் இதை வகுத்துள்ளன. அங்கு இவ்விதி உல்லாசக் கப்பல் பயணங்களையும் கட்டுப்படுத்துகிறது. லாஸ் ஏஞ்சலசில் ஓர் அயல்நாட்டுக் கப்பலில் ஏறும் பயணி கனடாவின் வான்கூவர் வரை ஒரு சுற்றுலாவும், அங்கிருந்து அதே கப்பலில் அலாஸ்காவின் சூவர்டு வரை மற்றொரு சுற்றுலாவும் தொடர்ந்து மேற்கொள்ள இயலாது. பயணச்சீட்டுகள் இரண்டாயினும் சட்டம் அவற்றை அமெரிக்கத் துறைமுகங்கள் இரண்டுக்கு இடையிலான ஒரே பயணமாகக் கொள்கிறது. வான்கூவர் அண்மை அயல்நாட்டுத் துறைமுகமாகக் கருதப்படுவதால் அங்கு நின்று செல்வது விலக்கு ஆகாது.

இந்தியாவில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தியக் கரையோர வணிகத்தை எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்துவிட்டிருந்தது. அரசு அமைத்த இந்திய வணிகக் கப்பல் குழு, கரையோர வணிகத்தை உரிம முறையின் மூலம் ஒதுக்க வேண்டும் என்று 1924-இல் பரிந்துரைத்தது. இந்திய இளைஞர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றும் டஃபரின் கப்பல் 1927-இல் செயல்படத் தொடங்கியது. ஆனால் ஒதுக்கீட்டுப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை.

ஹாஜி மசோதா

சிந்தியா நிறுவனத்துடன் தொடர்புடையவரும் மத்திய சட்டமன்ற உறுப்பினருமான சாராபாய் நேம்சந்த் ஹாஜி 1928-இல் கரையோரப் போக்குவரத்து ஒதுக்கீட்டு மசோதாவைக் கொண்டுவந்தார். கட்டுப்படுத்தும் பங்கு இந்தியர் கையிலுள்ள கப்பல்களுக்கே உரிமம் வழங்க வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக முழு ஒதுக்கீட்டை எட்ட வேண்டும் என்றும் அது கூறியது. ஒத்திவைத்த தள்ளுபடியை ஒழிக்கவும் ஹாஜி தனி மசோதா ஒன்றை முன்வைத்தார்.

பிரிட்டிஷ் வணிகச் சங்கங்கள் மசோதாவைக் கடுமையாக எதிர்த்தன. இது இனப் பாகுபாடு என்பதும், பிறர் உழைப்பில் வளர்ந்த தொழிலைப் பறிப்பது என்பதும் அவற்றின் வாதம். போட்டி குறைந்தால் கட்டணம் உயரும் என்ற அச்சமும் எழுப்பப்பட்டது. வால்சந்த் தரப்போ, அரசின் ஆதரவுடன் ஓங்கி வளர்ந்த ஒரு நிறுவனத்தையும் நேற்றுப் பிறந்த ஒரு நிறுவனத்தையும் சமமாக நடத்துவது சமநீதி ஆகாது என்று வாதிட்டது. காந்தியடிகள் 1931-இல் யங் இந்தியா இதழில் இவ்வாதத்துக்கு ஆதரவாக எழுதினார். வைசிராய் இர்வின் பிரபு 1930-இன் தொடக்கத்தில் இரு தரப்பினரையும் அழைத்து நடத்திய மாநாடு உடன்பாடின்றி முடிந்தது. மசோதாவும் நிறைவேறாமல் காலாவதியானது.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இக்கோரிக்கைக்கு முற்றாகத் தடை விதித்தது. பிரிட்டனில் பதிவுபெற்ற கப்பல்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டங்களை இந்தியச் சட்டமன்றங்கள் இயற்ற இயலாதவாறு அதில் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. எனவே ஆட்சி மாற்றம் ஏற்படாமல் ஒதுக்கீடு கிட்டாது என்ற நிலை தோன்றியது.

கப்பல் கட்டும் தளமும் பிற தொழில்களும்

வால்சந்த் 1940-இல் மைசூர் அரசின் துணையுடன் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அரசு அவருடைய பங்கை எடுத்துக்கொண்டது. 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. புனே மாவட்டத்தில் உள்ள வால்சந்த்நகர் இவருடைய கரும்புப் பண்ணையையும் சர்க்கரை ஆலையையும் சுற்றி உருவான ஊர் ஆகும்.

விசாகப்பட்டினத்தில் சிந்தியாவின் கப்பல் கட்டும் தளத்துக்கு ஜூன் 21, 1941 அன்று ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்குக் கட்டப்பட்ட ஜல உஷா என்னும் கப்பலை மார்ச் 14, 1948 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு கடலில் இறக்கிவைத்தார். இத்தளம் 1952-இல் அரசின் பெரும்பங்குடன் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளம் ஆயிற்று.

ஒதுக்கீடு நிறைவேறுதல்

போருக்குப் பிந்தைய கப்பல் கொள்கையை வகுக்க சர் சி. பி. ராமசுவாமி ஐயர் தலைமையில் ஒரு துணைக் குழு அமைக்கப்பட்டது. கரையோர வணிகம் முழுவதும் இந்தியக் கப்பல்களுக்கே உரியதாக வேண்டும் என்று 1947-இல் அது பரிந்துரைத்தது. பர்மா, இலங்கை முதலிய அண்டை நாட்டு வணிகத்தில் 75 விழுக்காடும், தொலைதூர வணிகத்தில் 50 விழுக்காடும் இந்தியாவுக்குக் கிடைக்க வேண்டும் என்றது. விடுதலையின்போது இந்தியாவிடம் சுமார் 1.92 லட்சம் டன் கொள்ளளவுள்ள கப்பல்களே இருந்தன. 1950-களின் தொடக்கத்தில் கரையோர வணிகம் இந்தியக் கப்பல்களுக்கு முழுமையாக ஒதுக்கப்பட்டது.

மறைவு

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட வால்சந்த் 1950-இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். ஏப்ரல் 8, 1953 அன்று குஜராத்தின் சித்பூரில் காலமானார். அவருடைய மனைவி கஸ்தூர்பாய் இறுதிக் காலத்தில் அவரைப் பேணினார்.

பிற்கால நிலை

வால்சந்த் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 14-ஆம் பகுதி, கரையோர வணிகத்துக்கு உரிமம் கட்டாயம் என விதித்தது. அயல்நாட்டுக் கப்பல் ஒன்று மும்பையில் ஏற்றிய பயணியைக் கொச்சியில் இறக்கவும் உரிமம் தேவைப்பட்டது.

பின்னர் இவ்விதி படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. இந்தியக் கப்பல்கள் போதவில்லை என்பதும், தூத்துக்குடி போன்ற துறைமுகங்களின் சரக்குப் பெட்டகங்கள் கொழும்பு சென்று கப்பல் மாறுகின்றன என்பதும் முக்கிய காரணங்களாகக் கூறப்பட்டன. அயல்நாட்டு உல்லாசக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்கள் பலவற்றைத் தொட்டுச் செல்வதற்கான விலக்கு 2024 பிப்ரவரி வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குப் பெட்டகங்களுக்கு மே 2018-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2025-இல் நிறைவேறிய கரையோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பகுதிக்கு மாற்றாக அமைந்தது. இதன்படி இந்தியக் கப்பல்களுக்குக் கரையோர வணிக உரிமம் தேவையில்லை. அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் தேவை.

சிந்தியா நிறுவனம் 1980-களில் கடன் சுமையால் நலிவுற்றது. அது கோரிப் பெற்ற ஒதுக்கீட்டுக் கொள்கை, பல விலக்குகளுடன், நிறுவனத்தைக் கடந்தும் நிலைத்தது.