வீடு தேடிப் போன காப்பீடு: யார் இந்த லிண்டன் ஜான்சன்?

அமெரிக்காவில் 1966-ன் தொடக்கத்தில் வனத்துறை ரேஞ்சர்களுக்கு ஒரு புது வேலை வந்தது. காட்டுக்குள் தனியாக வாழும் முதியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எதற்கு? மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க!

அந்தக் காப்பீடுதான் மெடிகேர். கொண்டுவந்தவர் அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சன்.

1908-ல் டெக்சாஸ் கிராமப்புறத்தில் பிறந்தவர். கல்லூரிச் செலவுக்குப் பணம் இல்லாமல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1928-ல் கொட்டுலா என்ற சிற்றூரில் வாத்தியார் வேலைக்குப் போனார். மாணவர்கள் எல்லாம் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குழந்தைகள். பல பிள்ளைகள் காலையில் சாப்பிடாமலே வருவார்கள். 1935-ல், 26 வயதில், வேலையில்லா இளைஞர்களுக்கான மத்திய அரசுத் திட்டத்துக்கு டெக்சாஸ் மாநில இயக்குநர் ஆனார். அரசுப் பணத்தை உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை இங்கேதான் கற்றிருக்க வேண்டும். பிறகு எம்.பி., செனட்டர், துணை அதிபர். 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட, அதிபர்.

அப்போது 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருத்துவக் காப்பீடே இல்லை. 1965 ஜூலை 30-ல் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இதற்காக முன்பு போராடித் தோற்ற முன்னாள் அதிபர் ட்ரூமனின் ஊருக்கே போய் கையெழுத்திட்டார். முதல் அட்டையும் ட்ரூமனுக்குத்தான்.

சரி, சட்டம் வந்தாச்சு. அப்புறம்?

அங்கேதான் சிக்கல். ஆஸ்பத்திரிச் செலவுக்கான பகுதிக்குத் தனிச் சந்தா இல்லை. ஆனால் டாக்டர் ஃபீஸை ஏற்கும் 'பார்ட் பி'யில் அவரவர் விரும்பிச் சேர வேண்டும். மாதம் 3 டாலர் கட்டினால், அரசும் 3 டாலர் போடும். கடைசி நாள் 1966 மார்ச் 31. விட்டால் நெடுநாள் காத்திருக்கணும், சந்தாவும் கூடும். ஏற்கெனவே அரசு ஓய்வூதியப் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தபால் போனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள், எந்தப் பட்டியலிலும் பெயரே இல்லாதவர்கள்? திட்டம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் தகவல் கடைசியில் போகும். இது எல்லா ஊர்க் கதையும்தான்.

ஜான்சன் அரசு வறுமை ஒழிப்பு நிதியிலிருந்து பணம் ஒதுக்கியது. 'ஆபரேஷன் மெடிகேர் அலர்ட்' என்று பெயர். ஏழை முதியவர்களையே பகுதிநேர வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். தன் வயதுக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் சந்தேகம் வராது இல்லையா! அப்படியும் பலர் விடுபட்டதால், கெடுவை மே 31 வரை நீட்டும் சட்டத்தில் ஏப்ரல் மாதம் சான் அன்டோனியோவில் கையெழுத்திட்டார் ஜான்சன். ஜூலை 1-ல் மெடிகேர் தொடங்கியபோது சுமார் 1.9 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். 3 டாலர் கட்டும் பகுதியில் தகுதியானவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சேர்ந்திருந்தார்கள். கறுப்பின நோயாளிகளை ஒதுக்கிய மருத்துவமனைகளுக்கு மெடிகேர் பணம் கிடையாது என்றதும், தென் மாநிலங்களில் தனி வார்டுகள் மளமளவென ஒழிந்தன.

இந்த 'ஆள் வைத்துச் சேர்க்கும்' செலவைத்தான் அரசுகள் முதலில் வெட்டுகின்றன. ஒபாமாகேரில் மக்களைச் சேர்க்க உதவும் 'நேவிகேட்டர்'களுக்கு 2016-ல் சுமார் 6.3 கோடி டாலர் கிடைத்தது. 2018-ல் அது வெறும் 1 கோடி.

ஜான்சனின் பெயரைக் கெடுத்தது வியட்நாம் போர். 1968-ல் மீண்டும் போட்டியிடவில்லை. டெக்சாஸ் பண்ணைக்கே திரும்பினார். 1955-லேயே மாரடைப்பு வந்த இதயம் அது. 1973 ஜனவரி 22-ல் நின்றது. அப்போது அவருக்கு வயது 64. மெடிகேர் அட்டைக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி.